அறுபதாயிரம் யூனிட் நம்பிக்கை

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பெண்களின் வீடுகளில் ஒரு சின்னப் பவுடர் பாக்கெட் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது. வைட்டமின் டி அவர்களுக்கு எதில் கைகொடுக்கும், எதில் கைவிடும்?

திருச்சியில் இரவு எட்டரை மணி. டொரன்டோவில் காலை பத்து. சாப்பாட்டு மேசையில் சத்துமாவு டப்பாமேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை என் சித்தி, டொரன்டோவில் இருக்கும் தன் மகளுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டுகிறார். எட்டு கீமோ, ஆபரேஷன், அப்புறம் கரண்டு (கதிர்வீச்சு) வைத்தது என எல்லாம் முடிந்து நான்கு மாதம். தலையில் முடி சுருள்சுருளாக முளைத்திருக்கிறது.

"வைட்டமின் டி, நாப்பத்தஞ்சு."

"நாப்பத்தஞ்சுதானாம்மா? இங்க எழுபத்தஞ்சுக்குக் கீழ போனாலே பத்தாதுங்கறாங்க. டி குறைஞ்சா திரும்ப வருமாம், நான் படிச்சேன். நாளைக்கே வாங்கிப் போடு."

மறுநாள் தெருமுனை மருந்துக்கடையில் 60,000 யூனிட் பாக்கெட்டுகள் வந்தன. மருந்துச் சீட்டு யாரும் கேட்கவில்லை. எப்படிச் சாப்பிடுவது என்று சித்தி கேட்டதற்கு, கவரின் மேல் '1-0-0' என்று எழுதிக் கொடுத்தார்கள். தினமும் காலை ஒன்று. சத்து மருந்துதானே என்று, நாற்பது நாள் ஒன்றுவிடாமல் பாலில் கலந்து குடித்தார்.

முதலில் மலச்சிக்கல். பிறகு தீராத தாகம், ராத்திரி நான்கைந்து முறை பாத்ரூம். அப்புறம் வாந்தி. ஒருநாள் பேத்தியின் பெயர் நாக்கில் வராமல் விழித்தபோது வீடு முழுக்க ஒரே பயம்தான், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை: எலும்புக்கோ மூளைக்கோ பரவிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. எலும்புக்குப் பரவிய புற்றிலும் கால்சியம் எகிறும் என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள். அது முடிகிற வரை நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "வேற என்னம்மா சாப்பிடறீங்க?" என்று இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார். சித்தி கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

நாற்பது பாக்கெட் என்றால் 24 லட்சம் யூனிட். வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அந்தக் கணக்கில் சித்தி விழுங்கியது ஏறக்குறைய பதினோரு வருடத்துக்கானது.

இத்தனைக்கும் அந்த 45 குறைவான எண்ணே இல்லை.

ஒரே எண், இரண்டு அளவுகோல் (பெட்டிச் செய்தி)

இந்திய ஆய்வகங்கள் வைட்டமின் டி அளவை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தருகின்றன. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஒரு லிட்டருக்கு இத்தனை நானோமோல். நானோகிராம் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் நானோமோல் எண் வரும். திருச்சியின் 45, டொரன்டோ கணக்கில் 112, தாராளமான அளவு. டொரன்டோவின் 45, திருச்சி கணக்கில் 18, குறைவு.

20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோரின் எலும்புக்குப் போதும் என்றது அமெரிக்க மருத்துவக் கழகம். 2011-ல் 30 வேண்டும் என்ற நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம், 2024-ல் அந்த இலக்கைக் கைவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் எல்லாரும் இந்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை என்றும் சொன்னது.

மாத்திரையின் அளவு வேறு கணக்கு: 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். 60,000 யூனிட் பாக்கெட்டில் இருக்கும் மருந்து ஒன்றரை மில்லிகிராம்தான். பார்க்கப் பொடி, கணக்குக்கு மலை.

டொரன்டோவிலிருந்து வந்த செய்தி

மகள் படித்தது பொய்யும் இல்லை. அந்தச் செய்தி பிறந்த ஊரும் அவள் இருக்கும் டொரன்டோதான். அங்கே மவுன்ட் சினாய் மருத்துவமனையின் பமீலா குட்வின் குழு, 1989-க்கும் 1996-க்கும் இடையே ஆரம்பநிலை மார்பகப் புற்று கண்டறியப்பட்ட 512 பெண்களின் சேமித்து வைத்த ரத்தத்தில் வைட்டமின் டியை அளந்தது. சராசரியாகப் பதினோரு வருடத்துக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தது. டி குறைவாக இருந்த பெண்களுக்கு, போதுமான அளவு இருந்தவர்களைவிடப் புற்று வேறு உறுப்புக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. இறப்பு 73 சதவீதம் அதிகம். 2008-ல் இது வெளியானபோது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

அதன்பின் இதே திசையில் வேறு ஆய்வுகளும் வந்தன. கலிபோர்னியாவில் 1,666 பெண்களை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், டி அதிகம் இருந்தவர்களிடம் இறப்பு 28 சதவீதம் குறைவு. எதிர்த்திசையிலும் வந்தன. கனடாவில் ஒரு மருந்துச் சோதனையில் கலந்துகொண்ட மார்பகப் புற்று நோயாளிகளின் ரத்தத்தை 2015-ல் ஆராய்ந்தபோது அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. அந்த ஆய்விலும் குட்வின் இருந்தார். முதல் செய்தி நம் குடும்பக் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது. இரண்டாவதை நான் ஒரு குழுவில்கூடப் பார்த்ததில்லை.

ரத்தத்தில் டி குறைவாக இருப்பது நோயை மோசமாக்குகிறதா, அல்லது நோய் மோசமாக இருப்பதால் டி குறைகிறதா? எல்லாமே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. உடம்பில் அழற்சி கூடினால் ரத்தத்தில் இந்த அளவு தானாகவே இறங்கும். படுத்த படுக்கையாக இருப்பவர் வெயிலைப் பார்ப்பதில்லை. வாய் கசந்து கிடப்பவர் முட்டையும் மீனும் தொடுவதில்லை. டி கொழுப்பில் கரைவது. பருமனான உடம்பில் அது கொழுப்போடு போய்ச் சேர்ந்து ரத்தத்தில் குறைந்து தெரியும். பருமனே மார்பகப் புற்றின் போக்கைக் கெடுக்கக்கூடியது. இத்தனையும் பின்னிக் கிடக்கும்போது, குறைந்த எண்ணைப் பார்த்து இதுதான் குற்றவாளி என்று கைகாட்ட முடியாது. காய்ச்சல் காட்டும் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் போட்டால் பாதரசம் இறங்கும், காய்ச்சல் இறங்காது.

இந்தச் சிக்கலைப் பிரிக்க ஒரே வழி, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டி, மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பல வருடம் காத்திருப்பது. பாஸ்டனில் ஜோஆன் மேன்சன் தலைமையில் 'வைட்டல்' என்ற பெயரில் அதைச் செய்தார்கள். 25,871 பேர், தினம் 2,000 யூனிட், ஐந்து வருடத்துக்கு மேல். 2018 நவம்பரில் முடிவு வந்தது. டி சாப்பிட்ட குழுவில் 124 பெண்களுக்கு மார்பகப் புற்று; வெற்று மாத்திரைக் குழுவில் 122 பேருக்கு. அதற்கு முன்பே, மாதவிடாய் நின்ற 36,282 அமெரிக்கப் பெண்களுக்கு ஏழு வருடம் கால்சியத்தோடு தினம் 400 யூனிட் கொடுத்துப் பார்த்ததிலும் மார்பகப் புற்று குறையவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடியது.

அவ்வளவுதானா என்றால், ஒரு கதவு இன்னும் மூடவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2023-ஆம் வருட ஜெர்மன் அலசலில், தினமும் சிறு அளவில் டி எடுத்தவர்களிடம் எல்லாவகைப் புற்றுநோய் இறப்பும் சேர்ந்து 12 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. விட்டுவிட்டுப் பெரிய அளவில் எடுத்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஆஸ்திரேலியாவில் 21,315 பேருக்கு மாதம் ஒருமுறை 60,000 யூனிட், அதாவது நம் மருந்துக்கடைப் பாக்கெட்டின் அதே அளவு, ஐந்து வருடம்வரை கொடுத்தார்கள். இறப்பு குறையவில்லை. இந்த விஷயத்தில் உடம்பு தினச் சம்பளத்தைத்தான் விரும்புகிறது போலிருக்கிறது. மொத்தமாக வரும் பணத்தை அல்ல. ஆனால் இவை பொது ஜனங்களிடம் செய்த சோதனைகள். மார்பகப் புற்று வந்த பெண்களுக்கு டி கொடுத்தால் ஆயுள் கூடுமா என்பதற்கு விடை சொல்லும் அளவுக்குப் பெரிய சோதனை இன்னும் வரவில்லை.

பிரேசிலின் எண்பது பெண்கள் (பெட்டிச் செய்தி)

2025-ல் அதிகம் பகிரப்பட்ட செய்தி இது. சாவ் பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொட்டுகாட்டு மருத்துவப் பள்ளியில், ஆபரேஷனுக்கு முன் கீமோ எடுத்த 80 பெண்களில் பாதிப் பேருக்கு தினம் 2,000 யூனிட் டி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது டி எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்திருந்தது. மற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கு.

நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் ஏழெட்டுப் பெண்கள். இவ்வளவு சிறிய குழுவில் அது தற்செயலாகவும் விழலாம். அவர்களில் பலருக்கு ஆரம்பத்திலேயே டி குறைவு. கொடுத்த அளவும் 2,000 யூனிட்தான், 60,000 அல்ல. கீமோவுக்குப் பதிலாகவும் கொடுக்கவில்லை. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

எலும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை

சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வாரமும் எனக்கு உறுத்தியது இதுதான். புற்று திரும்பிவிடக் கூடாது என்பதற்காக டியைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். டி நிச்சயமாக உதவும் இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

ஹார்மோனைப் பிடித்து வளரும் மார்பகப் புற்றில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மாத்திரைகளில் ஒன்றை ஐந்து வருடமோ அதற்கு மேலோ தருகிறார்கள். இவை உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் துடைத்துவிடும். புற்றுக்கு அது பட்டினி. எலும்புக்கும் பட்டினிதான். இயல்பாக மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இவர்கள் எலும்பு தேய்கிறது. இந்தியாவில் மார்பகப் புற்று மேல்நாடுகளைவிட இளம்வயதிலேயே வருகிறது. கீமோவால் நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுபோகும் பெண்கள் உண்டு. நாற்பதில் தேய ஆரம்பிக்கும் எலும்பு அறுபதில் எப்படி இருக்கும்? பாத்ரூமில் ஒரு சறுக்கல், இடுப்பு எலும்பு முறிவு. புற்றை வென்ற பெண் அப்படிப் படுக்கையில் விழுவதைப் பார்த்த குடும்பங்களுக்கு இந்த வலி தெரியும்.

உலகம் முழுக்க 2022-ல் எடுத்த கணக்கில், இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று. அவர்களில் ஏராளமானோர் பல வருடம் ஹார்மோன் மாத்திரையோடு வாழப்போகிறவர்கள். அவர்களுக்கு டியும் கால்சியமும் அலங்காரமல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. மாத்திரை தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் 'டெக்ஸா' ஸ்கேன் ஒருமுறை எடுப்பது, டி அளவைப் பார்ப்பது, குறைவாக இருந்தால் நிரப்புவது, பிறகு தினசரி அளவில் நிறுத்துவது என்பதுதான் முறை. டி பரிசோதனை எல்லாருக்கும் தேவையில்லை என்றேன், இவர்களுக்குத் தேவை.

அடுத்தது 'எலும்பு ஊசி'. நோயாளிகள் அப்படித்தான் அழைக்கிறார்கள். மருந்தின் பெயர் ஜோலிட்ரோனிக் ஆசிட். இதே வகை மருந்துகளைப் பற்றி 18,766 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2015-ல் ஒரு பெரிய அலசல் வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த மருந்துகளால் எலும்பில் புற்று திரும்புவது 28 சதவீதமும், மார்பகப் புற்றால் இறப்பது 18 சதவீதமும் குறைந்தன. டிக்கு நாம் கட்டிவைத்த கற்பனைப் பலன், பக்கத்து ஊசிக்கு உண்மையாகவே இருக்கிறது. அந்த ஊசி போடும்போது உடம்பில் டி குறைவாக இருந்தால் கால்சியம் திடீரென்று சரியும். கைகால் மரத்து, விரல் இழுத்துக்கொள்ளும், சிலருக்கு இதயத் துடிப்பே தடுமாறும். டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு ஊசியிலும் இதே ஆபத்து. அதனால் ஊசிக்கு முன் டியைச் சரிசெய்துவிட வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

ஹார்மோன் மாத்திரையால் வரும் மூட்டுவலிக்கும் டியைக் கேட்கிறார்கள். காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியவில்லை, படி இறங்க முடியவில்லை என்று மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான். அதிக அளவு டி கொடுத்து அந்த வலியைக் குறைக்கப் பார்த்த சிறு சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளைத் தந்தன. டி மிகவும் குறைவாக இருந்தவருக்கு அதை நிரப்பினால் கொஞ்சம் சுகம் தெரியலாம். வலி தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறலாம். சொல்லாமல் நிறுத்துவதைப்போல ஒரு கேடு இல்லை.

பாக்கெட்டின் கணக்கு

60,000 யூனிட் பாக்கெட் கெட்ட மருந்தல்ல. குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம். பிறகு மாதம் ஒன்று அல்லது தினசரிச் சிறு அளவு. இது மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவதுதான். வாரம் என்பது தினமாக மாறும்போதுதான் விபரீதம். காஷ்மீரில் டி குறைபாடு மிக அதிகம். அங்கேயே டியை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டு, குழப்பமும் வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் எழுபது வயது தாண்டிய 2,256 பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவைத் தடுக்கத்தான் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்கள் அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. 2010-ல் அந்த முடிவு வந்தது.

கூடினால் அதை எடுப்பதும் சுலபமல்ல. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு மெல்ல மெல்லத்தான் வெளியேறும். சித்தியின் கால்சியம் சீராக மாதக்கணக்கானது.

என்னென்ன சாப்பிடுகிறோம் என்பதை நம் பெண்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்வதில்லை. இதையா சொல்வது என்ற கூச்சம், திட்டுவாரோ என்ற பயம். சித்த மருந்து, சத்துப் பொடி, வெளிநாட்டிலிருந்து வந்த டப்பா, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் வைத்துவிடுங்கள். மருத்துவரும் அதைக் கேட்க இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும்.

ஏழு மணி வெயில்

பாக்கெட் போன பிறகு சித்தி மொட்டைமாடிக்கு மாறினார். காலை ஏழு மணிக்கு, தலையில் துண்டோடு, கிழக்கே பார்த்து அரை மணி நேரம். இளவெயில் நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். மனதுக்கு நல்லதுதான். டிக்கு அந்த வெயில் போதாது. தோலில் டியை உண்டாக்கும் புற ஊதாக் கதிர், சூரியன் உச்சிக்கு வரும்போதுதான் தரைக்குப் போதிய அளவு வந்து சேரும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். திருப்பதியில் சி.வி.ஹரிநாராயண் குழு சோதித்ததில் காலை 11 முதல் பிற்பகல் 2 வரைதான் நல்ல விளைச்சல். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் வராது.

ஆனால் கரண்டு வைத்த தோலை உச்சிவெயிலில் காட்டவே கூடாது. கீமோ நடக்கும்போது தோல் எளிதில் கருகும். அதனால் இவர்களுக்கு வெயில் ஒரு துணை மட்டுமே: கரண்டு வைத்த இடத்தை மூடிக்கொண்டு, முன்கையும் காலும் படும்படி கொஞ்ச நேரம், அதுவும் மருத்துவர் சரி என்றால். மத்தி, கானாங்கெளுத்தி, முட்டை மஞ்சள்கரு, 'ப்ளஸ் எஃப்' என்ற நீல முத்திரை போட்ட பால், எண்ணெய் ஆகியவற்றில் கொஞ்சம் டி கிடைக்கும். மீன் சாப்பிடாத வீட்டில் குறைவை நிரப்ப மருந்துதான் வழி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"ஏசியில உக்காந்ததாலதான்"

இதை எழுதாமல் விட முடியாது. சித்தி முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவர். நோய் தெரிந்து வீட்டுக்கு வந்து பார்த்த உறவினர்களில் மூன்று பேராவது, "வெயிலே படாம ஏசியில உக்காந்திருந்தா இப்படித்தான்" என்றார்கள். அன்புடன்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு பல இரவுகள் சித்தி தூங்கவில்லை.

அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. டி கொடுத்ததால் மார்பகப் புற்று குறையவில்லை என்று 'வைட்டல்' காட்டிவிட்டது. பிறவியிலேயே டி குறைவாக இருக்கச் செய்யும் மரபணுக்கள் கொண்ட பெண்களுக்கும் மார்பகப் புற்று கூடுதலாக வருவதில்லை. இந்தியாவில் டி குறைவு என்பது வங்கி ஊழியருக்கு மட்டும் உள்ளதும் அல்ல. திருப்பதிக் குழு ஆராய்ந்தபோது, நாள் முழுக்க வயலில் வேலை செய்யும் கிராமத்து மக்களிலும் பலருக்கு அளவு பற்றாமல்தான் இருந்தது. கருத்த தோலில் டி மெதுவாகத்தான் உருவாகும். கால்சியம் குறைந்த சாப்பாட்டால் உடம்பில் உள்ள டியும் சீக்கிரம் செலவாகிவிடும். நம் நாட்டில் பெரும்பாலோர் ரிப்போர்ட்டில் இந்த எண் சிவப்பில்தான் வரும். அந்தச் சிவப்பைக் காட்டி ஒரு பெண்ணிடம், உன் நோய்க்கு நீயே காரணம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சித்தி இப்போது லெட்ரோசோல் எடுக்கிறார். டெக்ஸா எடுத்ததில் இடுப்பெலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. டி அளவு இறங்கிச் சீரானபின் மருத்துவர் தினசரிச் சிறு மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. சாயங்காலம் உழவர் சந்தைவரை நடக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்பு ஊசி. தேதியைச் சமையலறை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

போன ஜனவரியில் டொரன்டோவிலிருந்து அழைப்பு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அந்த ஊரில் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வெயில் அடித்தாலும் தோலில் டி உண்டாகாது. மகளுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

"எனக்கும் கம்மியாம்மா. நாப்பத்தெட்டு."

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதமும் பேனாவும் எடுத்தார்.

"இரு. எந்த அளவுல நாப்பத்தெட்டு? பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படி."